ரோப் கார் இல்லைன்னா என்ன, பல்சக்கர ரயில் இருக்கே! குன்னூர் தேயிலை மலைக்கு ஒரு நாள் பயணம் திட்டமிடுவது எப்படி?

தைவான் தலைநகர் தைபேயில் மிருகக்காட்சி சாலை பக்கத்தில் ரோப் காரில் ஏறினால், சுமார் 4 கிலோமீட்டர் அந்தரத்திலேயே போய் மாவ்கோங் என்ற தேயிலை மலையில் இறங்கலாம். அங்கே டீக்கடையில் உட்கார்ந்து நாமே இலையை ஊறவைத்துக் குடித்துவிட்டு, சாயங்காலம் ஊர் விளக்குகளைப் பார்த்தபடி இறங்கி வரலாம். 2007-ல் திறந்த இந்த ரோப் கார் வீடியோக்கள் ரீல்ஸில் சுற்றும்போதெல்லாம் கமெண்ட்டில் ஒரு கேள்வி வரும்: "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இல்லையா?"

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ரோப் கார் வேண்டுமென்றால் இந்தியாவில் டார்ஜிலிங்குக்குத்தான் போக வேண்டும். கொங்குப் பக்கம் ரோப் கார் என்றாலே பழனி மலைதான் நினைவுக்கு வரும். அது சாமி கும்பிட, டீ குடிக்க இல்லை. ஆனால் கோவையிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப்பாளையத்தில் தினமும் காலை 7.10 மணிக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. தேயிலை மலைக்கு ஏறுவதற்கென்றே நமக்குக் கிடைத்த வண்டி அது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கி, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில்.

இதில் போக ஆசைப்படும் பலரும் டிக்கெட் கிடைக்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, இ-பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடியில் நிற்கிறார்கள். கொஞ்சம் முன்கூட்டித் திட்டமிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

முதலில் டிக்கெட், அப்புறம்தான் தேதி

வழக்கமாக நாம் லீவு எப்போது என்று பார்த்துவிட்டு டிக்கெட் தேடுவோம். இந்த ரயிலுக்கு அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் வழக்கமான ரயில் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான். அதிலும் சில பெட்டிகள் மட்டுமே. கோடை விடுமுறை, பொங்கல், தீபாவளி விடுமுறை என்றால் முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே காத்திருப்புப் பட்டியல் வந்துவிடும்.

ஐஆர்சிடிசியில் முன்பதிவு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். ஏறும் ரயிலின் எண் 56136. அப்பாம்மா, குழந்தைகள் என்று ஆறேழு பேர் போகிறீர்கள் என்றால் 60-வது நாளை காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கிற தேதிக்கு லீவு போடுங்கள். செவ்வாய், புதன் போன்ற வார நாட்களில் முயற்சி செய்வது நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும். பணம் திரும்ப வரும், ஆனால் ரயிலில் ஏற முடியாது. "எப்படியாவது டிடிஆர்கிட்ட பேசிக்கலாம்" என்பது இங்கே வேலைக்கு ஆகாது. ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்கும் முன்பதிவில்லாத சீட்டை நம்பி, விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பிக் கூட்டிப் போகவும் வேண்டாம்.

கட்டணம் ஊட்டி வரைக்கும் இரண்டாம் வகுப்புக்கு சுமார் 300 ரூபாய், முதல் வகுப்புக்கு சுமார் 600 ரூபாய். கோடையில் ரயில்வே சிறப்பு ரயில்களும் அறிவிப்பது வழக்கம். அதில் கட்டணம் கூடுதல், ஆனால் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஊட்டிக்கா, குன்னூருக்கா?

தேயிலைதான் நோக்கம் என்றால் குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள் என்பதுதான் நம்ம கருத்து. ஊட்டி வரை மொத்தம் 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 5 மணி நேரம். அதில் பார்க்க வேண்டிய பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். பாக்குத் தோப்புகளைத் தாண்டி கல்லாறு வந்ததும் மலை செங்குத்தாக எழும்பும். 12 அடி முன்னால் போனால் 1 அடி மேலே ஏற வேண்டிய சரிவு. சாதாரண ரயில் சக்கரம் இதில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறும். ஏணியில் கால் வைத்து ஏறுகிற மாதிரி. இந்தியாவில் இப்படி ஏறும் பயணிகள் ரயில் இது மட்டும்தான்.

நீராவி இன்ஜின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். இறங்கும்போதும் இன்ஜின் கீழ்ப்பக்கம்தான் இருக்கும், பெட்டிகளைத் தாங்கிப் பிடித்தபடி. சுவிட்சர்லாந்தில் செய்த பழைய வடிவமைப்பு, முதலில் நிலக்கரி, பிறகு எண்ணெய் என்று மாறியிருக்கிறது. ஏற்றத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுதான். சைக்கிள்கூட முந்திவிடும் என்று கிண்டல் செய்வார்கள், ஆனால் அந்த ஏற்றத்தில் சைக்கிளில் போய்ப் பார்த்தால் தெரியும்!

நடுவே ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் இறங்கி போட்டோ எடுக்கலாம். ஹில்குரோவ் பக்கம் குரங்குகள் அதிகம். கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்கினால் அது உங்களுடையது இல்லை. ஊட்டி வரைக்குமான பாதையில் 250 பாலங்கள், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். சுரங்கத்துக்குள் போகும்போது பெட்டி முழுக்க 'ஓ' என்று கத்துவது ஒரு சம்பிரதாயம். எந்த வயதும் விதிவிலக்கு இல்லை. 'உயிரே' படத்தில் ஷாருக்கான் ரயில் கூரை மேல் ஆடுவாரே, அது இதே ரயில்தான். நீங்கள் தலையை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூருக்கு சுமார் 10.30 மணிக்கு வந்து சேரும். அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின். அந்தப் பாதையில் பல்சக்கரம் கிடையாது. குன்னூர் - ஊட்டி இடையே மட்டும் ஓடும் ரயில்கள் தினமும் சில உண்டு என்பதால், மேட்டுப்பாளையம் டிக்கெட் கிடைக்காதவர்கள் குழந்தைகளின் ஆசைக்கு அதிலாவது போய் வரலாம்.

மறுபக்கமாக யோசித்தால்?

கோவையிலிருந்து போகிறவர்களுக்குக் காலை 7.10 மணி ரயில் பெரிய சோதனை. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கோவை வழியாக மேட்டுப்பாளையம் போகும். அதைப் பிடிக்கலாம், இல்லையென்றால் 5 மணிக்கே பஸ் ஏற வேண்டும். திருப்பூர், ஈரோடு ஆட்கள் முந்தின நாள் ராத்திரியே மேட்டுப்பாளையம் வந்து தங்கிவிடுவது உத்தமம்.

அது ஒத்துவராது என்றால் காலையில் பஸ்ஸில் ஏறி, மதியம் ரயிலில் இறங்குங்கள். ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்குக் கிளம்பும் ரயில், எண் 56137, மூன்றேகால் மணி வாக்கில் குன்னூர் வந்து, மாலை ஐந்தரையை ஒட்டி மேட்டுப்பாளையம் சேரும். அதே காடு, அதே பாலங்கள், ஏறுவதைவிட நேரமும் குறைவு. காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இதற்கும் முன்பதிவு கட்டாயம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பஸ் பாதையில் மேட்டுப்பாளையம் - குன்னூர் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜன்னலோர சீட், காலையில் அரை வயிறு இட்லி போதும். வழியில் பர்லியாரில் மங்குஸ்தான், துரியன் சீசனில் ரோட்டோரக் கடைகள் நிறைந்திருக்கும். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் காட்டு யானைகளும் வரும். செல்ஃபிக்காக வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

காரில்தான் போவேன் என்பவர்களுக்கு

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் மட்டும் என்று எண்ணிக்கையும் கட்டுப்படுத்தினார்கள். வரம்பு சீசனுக்கு சீசன் மாறலாம், கிளம்புவதற்கு முன் அரசின் இ-பாஸ் தளத்தில் ஒரு முறை பாருங்கள். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இந்த பாஸ் தேவையில்லை.

இன்னொரு விஷயம்: கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை அறிவிப்பது வழக்கம். "வண்டியை மேட்டுப்பாளையத்தில் போட்டுட்டு ரயிலில் போயிட்டு வரலாம்" என்பது மே மாதத்தில் சோம்பேறித்தனம் இல்லை, புத்திசாலித்தனம்.

எதில் போனாலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம். மாவட்டம் முழுக்கத் தடை. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியாச்சு, டீ எங்கே?

குன்னூர் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பக்கம் பக்கம். அங்கிருந்து மேல் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ கிடைக்கும். 1874-ல் உருவான பூங்கா, அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பார்வையாளர்களை அனுமதிக்கும் தேயிலை ஆலை உண்டு. நேரம் இருந்தால் டாக்ஸி பிடித்து லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் சாலையில் போய் வாருங்கள். போகும் வழி முழுக்கத் தோட்டம்தான். உண்மையைச் சொன்னால், பனிமூட்டத்தில் வியூ பாயிண்ட் ஒன்றும் தெரியாத நாளிலும் அந்தச் சாலை ஏமாற்றாது.

வார நாளில் போகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் தோட்டத்தில் இலை பறிப்பு இருக்காது. வேலை நடக்கும் நாளில் போனால், காலையில் பறித்த இலை ஆலைக்கு வந்து, வாடவிட்டு, நசுக்கி, பழுப்பு நிறம் ஏறும்வரை விட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பது வரை பார்க்கலாம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். நீலகிரியில் பச்சை இலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு சிறு விவசாயிகள் ஏன் அடிக்கடி போராடுகிறார்கள் என்பது அந்த இலைக் குவியலைப் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

வாங்கும்போது ஒரு கவனம். நம்ம வீட்டில் பால் ஊற்றிக் கொதிக்க வைப்பதற்கு ஏற்றது சிடிசி வகை, அதாவது உருண்டைக் குருணையாகவோ டஸ்ட்டாகவோ இருப்பது. முழு இலையாகச் சுருண்டிருக்கும் ஆர்த்தடாக்ஸ் டீ விலை அதிகம், மணம் தனி. ஆனால் அதைப் பாலில் போட்டுக் கொதிக்க விட்டால் காசு போச்சு. வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவிட்டு, பால் இல்லாமல் குடிக்க வேண்டும். சாக்லேட் டீ, மசாலா டீ எல்லாம் டூரிஸ்ட்டுக்கானவை, அவற்றுக்கு ஆலை வரைக்கும் வர வேண்டியதில்லை.

தனியார் கடைகளோடு, சிறு விவசாயிகளின் கூட்டுறவான இண்ட்கோசர்வ், அரசு நிறுவனமான டான்டீ இரண்டின் தலைமையகமும் குன்னூரில்தான். ரேஷன் கடையில் வாங்கும் 'ஊட்டி டீ' இண்ட்கோசர்வ் தயாரிப்பு. டான்டீயின் கதை வேறு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள் அவை. தோட்டத்தில் பேச்சுக் கொடுத்தால், தாத்தா கண்டியிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்தவர் என்று சொல்பவர்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டு. போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள். இலை எடை போட்டுத்தான் அவர்களுக்குக் கணக்கு, நாம் நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடையது.

எந்த மாதம் வேண்டாம்?

அக்டோபர், நவம்பர். குன்னூர் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை இங்கேதான் அடித்து ஊற்றும். கல்லாறு - குன்னூர் பாதையில் மண் சரிந்து, பாறை உருண்டு, மரம் விழுந்து ரயில் ரத்தாவது ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. 2009 நவம்பர் நிலச்சரிவின்போது மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. ரயில்வேயே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வந்துவிடும், ஆனால் ஓட்டல் முன்பணம் வருமா என்பது ஓட்டல்காரரைப் பொறுத்தது. மழைக்காலத்தில் போட்டிருந்தால் ரத்து செய்யும் வசதியுள்ள அறையாகப் பாருங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை குளிரும் வெயிலும் சேர்ந்து வரும். பனிக்காலத்துத் தேயிலைக்கு மணம் கூடுதல் என்பார்கள் தோட்டக்காரர்கள். ஸ்வெட்டர் கட்டாயம். கிளம்பும் நாள் முந்தின ராத்திரி ரயில் ஓடுகிறதா என்று 139-க்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.