ஒரு தடவை நட்டா வருஷக்கணக்கில் தீவனம்! கம்பு நேப்பியர் புல் வளர்ப்பது எப்படி?

நாமக்கல் பக்கம் மாடு வச்சிருக்கறவங்களுக்கு கோடை வந்தாலே தீவனக் கவலைதான். சோளத்தட்டு தீர்ந்து வைக்கோலை விலைக்கு வாங்க ஆரம்பித்தால், பால் காசு அதற்கே போய்விடும். கிணற்றில் ஓரளவு தண்ணீர் இருந்தால் கைகொடுப்பது கம்பு நேப்பியர் புல்.

இது என்ன புல்?

கம்பையும், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நேப்பியர் புல்லையும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய பல்லாண்டுத் தீவனப் புல். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 ரகங்கள் பிரபலம். இதில் விதை பிடிக்காது. கரணை வெட்டித்தான் நடணும்.

எப்படி நடுவது?

60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, 50 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டு பரு உள்ள கரணையை நட வேண்டும். ஏக்கருக்கு சுமார் 13,300 கரணை தேவை. மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு 10 நாளுக்கு ஒருமுறை பாசனம்.

எப்போது அறுக்கலாம்?

முதல் அறுவடை 75 முதல் 80 நாளில். அடுத்து 45 நாளுக்கு ஒருமுறை. வயலை 45 பாத்தியாகப் பிரித்து தினம் ஒன்றாக அறுத்தால், கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி மறுபடி தயாராக இருக்கும். ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் உரம் அவசியம்.

இதை மறக்காதீங்க

இந்தப் புல்லில் ஆக்சலேட் உண்டு. அது மாட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தடுக்கும். அதனால் இளம்புல்லை மட்டும் வயிறு நிறையப் போடக் கூடாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் சேர்த்து, நறுக்கிப் போடுவது நல்லது.