தியாகராய நகர்: ஏரி குடியிருப்பான வரலாறு
சென்னையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியிருப்பைத் தீர்மானித்தவை பெரும்பாலும் தொழிலும் கோயிலுமே. வழக்கறிஞர்கள் மயிலாப்பூரை நாடினர். வணிகர்கள் ஜார்ஜ் டவுனில் கடையை ஒட்டியே வாழ்ந்தனர். நெரிசல் முற்றவே, 1920களில் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. 1925இல் மறைந்த அக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைப் புதிய நகர் ஏற்றது. நடுவில் பனகல் பூங்கா, அதைச் சுற்றி அகலத் தெருக்கள், வீட்டுக்கு வீடு தோட்டம் என அமைந்த அந்தத் திட்டம் அக்காலத்துக்குத் துணிச்சலானது. ஆயினும் அங்கே குடியேற மக்களுக்கு இருந்த தயக்கத்தைத் தீர்த்ததில் பெரும்பங்கு ரயிலுக்குத்தான். 1931இல் கடற்கரை-தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் ஏறி அலுவலகம் போய்வருவது எளிதாயிற்று. திரைப்பட ஸ்டுடியோக்கள் இருந்த கோடம்பாக்கம் அருகில் இருந்ததால் திரைக்கலைஞர்களும் குடிவந்தனர். பின்னாளில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பெருகி, வீடுகள் குறைந்தன. மாம்பலத் தெருக்கள் பெருமழையில் மூழ்குவதற்கு, ஏரியை இழந்ததும் ஒரு முக்கியக் காரணம்.