சீட்டுப் பிரிவு

எந்த நிதி நிறுவனம் படுத்தாலும் "சீட்டுக் கம்பெனி ஓடிப்போச்சு" என்றுதான் ஊர் பேசும். பதிவுத்துறையில் சீட்டுப் பிரிவு மேசையில் வேலை பார்த்த எனக்கு இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வரும். 1990களில் 24 சதவீதம், அதற்கும் மேல் வட்டி தருகிறோம் என்று விளம்பரம் கொடுத்து டெபாசிட் வாங்கியவர்கள் வேறு ஜாதி.

ஏலச்சீட்டில் டெபாசிட்டே கிடையாது. 20 பேர் மாதம் 5,000 போட்டால் ஒரு லட்சம். பெண் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருப்பவர் 20,000 தள்ளி, 80,000 போதும் என்று கேட்பார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், சீட்டு அவருக்கு. தள்ளியதில் சீட்டு நடத்தும் போர்மேனுக்கு அன்றைய கமிஷன் ஐந்து சதவீதம், அதாவது 5,000 போக, மிச்சம் 15,000. தலைக்கு 750 கழிவு. ஆகவே அந்தத் தவணைக்குக் கைக்காசு 4,250தான். கடன் வாங்குகிறவரும் சேமிக்கிறவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டமும் இதை வங்கித் தொழிலாகப் பார்க்கவில்லை, உறுப்பினர்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தமாகவே பார்த்தது. தமிழ்நாட்டுக்கு 1961இல் தனிச் சீட்டுச் சட்டம் வந்தது. 1982இல் நாடு முழுமைக்கும் மத்தியச் சட்டம். நிலம் பதிகிற துறைக்கே சீட்டும் வந்து சேர்ந்தது இப்படித்தான். முன் அனுமதி இல்லாமல் சீட்டு தொடங்கக் கூடாது. முழுச் சீட்டுத் தொகையையும் வங்கியில் போட்டுப் பதிவாளருக்குப் பிணையாகக் காட்ட வேண்டும். அரசுப் பத்திரமாகக் கொடுத்தால் ஒன்றரை மடங்கு. ஏலம் முடிந்து 21 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பின் நகல் எங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். அதில் நான் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, கையெழுத்துகளை. வந்திருந்த அத்தனை பேரும் ஒரே மையில், ஒரே சாய்வில் போட்டிருந்தால் போர்மேனுக்கு ஓலை போகும்.

சென்னையில் 1974இல் சீட்டோடு தொடங்கிய ஸ்ரீராம், பிற்பாடு பழைய லாரிக்குக் கடன் கொடுத்தே பெரிய நிறுவனமாயிற்று. சீட்டில் தொடங்கியவர்கள் எல்லாரும் ஓடிப்போகவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

டெபாசிட் கம்பெனிகள் விழுந்த பிறகுதான் மேலே அசைந்தார்கள். 1997இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, நிதி நிறுவனங்கள் பதிவுச் சான்று பெறுவதையும் குறைந்தது 25 லட்சம் சொந்த நிதி வைத்திருப்பதையும் கட்டாயமாக்கினார்கள். அதே ஆண்டு தமிழ்நாடும் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் போட்டது. மோசடிக்காரர் சொத்தை முடக்க அது வழி செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

உண்மையில் சீட்டில் பணம் போவது பெரும்பாலும் பதிவில்லாத வீட்டுச் சீட்டில். ஆனால் பதிவு செய்து, முழுத் தொகையைப் பிணையில் முடக்கிவிட்டு ஐந்து சதவீதத்தில் என்ன மிஞ்சும் என்று போர்மேன்கள் புலம்பியதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கமிஷனை ஏழாக உயர்த்த 2019 வரை ஆயிற்று. அதே திருத்தத்தில் உறுப்பினர்கள் காணொளியில் ஏலத்துக்கு வரலாம் என்றார்கள். ஆனால் இரண்டு நாளுக்குள் குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.