கூட இருந்த நாள் கணக்கு



போன வாரம் என் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, அவர் கனடா சிட்டிசன். அவரைக் கட்டிக்கிட்டவ நான். அப்புறம் எப்படி என் பி.ஆர். போகும்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். கணவர் ஸ்பான்சர் செய்து போனவள், டொரோண்டோவில் பதினொரு மாதம்தான் இருந்தாள். பிறகு மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. இவள் இரண்டு பிள்ளைகளோடு கும்பகோணத்தில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு நாலு வருஷமாக இருக்கிறாள். கார்டு முடியப் போகிறது.

நான் வக்கீல் இல்லை. ஆனால் சமூக அறிவியல் பாடம் நடத்தியவன், இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க முடியவில்லை. (பி.ஆர். என்பதைப் பலரும் 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதுகிறீர்கள். குடியுரிமை வேறு. இது நிரந்தர வசிப்புரிமை. சிவப்பு மையால் திருத்திவிட்டேன்!)

பழைய ஆங்கிலச் சட்ட மரபில் மனைவிக்குத் தனி இருப்பிடம் கிடையாது. கணவன் நிலையாக வாழும் ஊர் எதுவோ, அதுவே சட்டத்தின் கண்ணில் அவள் ஊர். கனடா அந்த மரபில் வளர்ந்த நாடு. வெளிநாட்டவரை மணந்த பெண் தன் பிரிட்டிஷ் பிரஜை என்ற தகுதியையே இழந்த காலமும் உண்டு. 1947 ஜனவரி 1-இல் கனடியக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் திருமணத்தால் குடியுரிமை தானாகப் போவதும் வருவதும் நின்றது.

நம் நாட்டவருக்கோ நிலைமை இன்னும் மோசம். சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வர வேண்டும் என்று 1908-இல் ஒரு விதி போட்டார்கள். இந்தியாவிலிருந்து அப்படி நேரே போகக் கப்பலே இல்லை! அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்த சீக்கியர்கள் மனைவியை அழைத்துக்கொள்ள 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து 1976-இல் இயற்றி 1978-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம். 1983-க்குப் பிறகு போன ஈழத்து உறவுகளுக்கு இது நினைவிருக்கும். 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், கனடாவைக் கைவிட்டதாகக் கருதுவார்கள். இல்லை, திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போனேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? அதற்காகவே, கிளம்பும் முன் 'திரும்பி வரும் குடியிருப்பாளர்' அனுமதி என்று ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

2002 ஜூன் 28 முதல் புதிய சட்டம். இதில் மனதைக் கேட்பதில்லை, நாளை எண்ணுகிறார்கள். ஐந்து ஆண்டில் 730 நாள். அதிலும் ஒரு வாசல் திறந்து வைத்தார்கள். கனடியக் குடிமகனான கணவனோடு அல்லது குடிமகளான மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழும் ஒவ்வொரு நாளும் கனடாவில் இருந்த நாளாகவே கணக்கில் வரும். துணைவர் குடிமகனாக இல்லாமல் பி.ஆர். மட்டும் வைத்திருந்தால், கனடிய நிறுவனத்திலோ அரசுப் பணியிலோ முழுநேர வேலைக்கு அவர் வெளியே அனுப்பப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைக்குப் பெற்றோரும் அப்படியே. ஆனால் பெற்றோருக்குப் பிள்ளை கிடையாது. மகன் சிட்டிசன், அவனோடு சென்னையில் இருந்தால் போதும் என்று நினைக்கும் என் வயதுக்காரர்கள் கவனிக்க.

இப்போது தங்கை மகளின் கணக்குக்கு வருவோம். டொரோண்டோவில் 330 நாள். மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்தது, நாலு தடவை, 120 நாள். மொத்தம் 450. குறைவது 280. மாப்பிள்ளையோடு தோஹாவில் குடும்பம் நடத்தியிருந்தால் நாலு வருஷமும் சேர்ந்திருக்கும். அவருடைய அம்மாவைத்தான் அவள் பார்த்துக்கொண்டாள். ஆனால் கல்யாணம் ஆன நாளைச் சட்டம் எண்ணவில்லை, கூட இருந்த நாளைத்தான் எண்ணுகிறது. வளைகுடாவில் ஆள், ஊரில் குடும்பம் என்று வாழும் நம் வீடுகளுக்கு இந்த விதி பொருந்தவே இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான்.

இன்னொன்றும் உண்டு. சேர்ந்து வாழ்ந்தாலும், யார் யாருடன் போனார் என்ற கேள்வி வழக்குகளில் எழுந்திருக்கிறது. மனைவி வேலைக்காகக் கணவன் போனானா, கணவனுக்காக மனைவியா என்று. தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. பழைய 'யார் பின்னால் யார்' என்ற கதை பின்வாசல் வழியாக வந்துவிட்டது போலத்தான் எனக்குப் படுகிறது.

அவளிடம் நான் சொன்னது இதுதான். கார்டு தேதி முடிந்தாலே உரிமை போய்விடாது. அதிகாரி ஒருவர் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும். நாள் குறைந்தாலும் மனிதாபிமானக் காரணங்களையும் பிள்ளைகளின் நலனையும் பார்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டில் பாதகமாக முடிவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. நல்ல வக்கீலாகப் பார் என்றேன். மாமியாரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறாளாம்.