நரகத்தைக் கேட்ட அரசர்கள்

சிந்தாமணியின் முத்தியிலம்பகத்தில் நரக கதித் துன்பம் கூறும் பாடல்களை வகுப்பில் எடுக்கத் தொடங்கினால், "ஐயா, அந்நியன்!" என்றொரு குரல் பின்வரிசையிலிருந்து தவறாமல் எழும். 2005இல் ஷங்கர் இயக்கத்தில் வந்த படம். அது வெளிவந்தபோது பிறந்திராத பிள்ளைகளுக்கும் அந்தகூபம், கும்பிபாகம், கிருமிபோஜனம் என்ற பெயர்கள் மனப்பாடம். அந்த அளவில் அப்படத்துக்கு நன்றி சொல்லலாம். ஆயினும், பாவத்துக்கும் தண்டனைக்கும் பழைய நூல்கள் அமைத்த பொருத்தத்தை அது கைவிட்டுவிட்டது.

விபத்தில் அடிபட்டவனைத் தன் காரில் ஏற்ற மறுத்தவனைப் படத்தில் எருமைக் கூட்டம் மிதித்துக் கொல்கிறது. அதற்கு அந்தகூபம் என்று பெயர் சொல்லப்படுகிறது. 28 நரகங்களை விவரிக்கும் பாகவத புராணத்தின் ஐந்தாம் கந்தத்தில் அந்தகூபம் வேறு. சிற்றுயிர்களை வதைத்தவன் இருட்கிணற்றில் கிடக்கிறான். அவன் வதைத்த அதே பூச்சிகளும் கொசுக்களும் பாம்புகளும் அவனை மொய்க்கின்றன. அவன் உறக்கமின்றி, நிற்க ஓரிடமின்றி அலைகிறான். வதைபட்டவையே அங்கு வதைக்கின்றன. கும்பிபாகமும் அத்தகையதே. உயிரோடு விலங்கையும் பறவையையும் சமைத்தவன் கொதிக்கும் எண்ணெயில் தானே வேகிறான். குற்றத்தின் உருவமே தண்டனையின் உருவம்.

அந்தப் பட்டியலில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைப்பவை இரண்டு. குற்றமற்றவனைத் தண்டித்த அரசனும் அரச ஊழியனும் சூகரமுகம் என்னும் நரகத்தில் கரும்பைப் போல் பிழியப்படுகின்றனர். அறத்தின் கரையை உடைத்த ஆட்சியாளர்கள் வைதரணி ஆற்றில் விழுந்து நீர்வாழ் உயிர்களுக்கு இரையாகின்றனர். கரையை உடைத்தவனுக்கு ஆறு! இதைவிடச் சுருக்கமாக ஒரு தீர்ப்பை எழுத முடியுமா என்று தெரியவில்லை.

இவற்றை யார் கேட்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. சுகர் சொல்ல, பரீட்சித்து மன்னன் கேட்கிறான். தவத்திலிருந்த முனிவரின் கழுத்தில் செத்த பாம்பைப் போட்டவன் அவன். ஏழு நாளில் பாம்பு தீண்டிச் சாவாய் என்று சபிக்கப்பட்டவன். பாவத்துக்கு ஒத்த தண்டனை எத்தகையது என்பதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திராது.

சிந்தாமணியிலும் கேட்பவன் அரசனே. கட்டியங்காரனை வென்று நாட்டை மீட்ட சீவகன், சோலையில் ஒரு காட்சியைக் காண்கிறான். ஆண்குரங்கு தன் மந்திக்குக் கொடுத்த பலாச்சுளையைத் தோட்டக்காரன் குரங்குகளை விரட்டிப் பறித்துக்கொள்கிறான். பறிகொடுத்த குரங்கு கட்டியங்காரன் என்றும், பறித்தவன் தானே என்றும் சீவகனுக்குத் தோன்றுகிறது. வெற்றியின் உச்சியில் தன் வெற்றியே களவாகத் தெரிந்தவனுக்குத்தான் சாரணர் நான்கு கதிகளையும், அவற்றுள் நரகத்தையும் எடுத்துரைக்கிறார். முள் நிரைந்த இலவமரத்தில் ஏற்றிக் கீழே தீ மூட்டும் கொடுமை அங்கே வருகிறது. மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு தரும் மரம் இலவு என்பதைத் திருத்தக்க தேவர் மறந்து எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. இது என் வாசிப்பு. சமணத்தில் அந்த நரகத்துக்கும் முடிவு உண்டு. வினை தீர்ந்த உயிர் மறுபடி பிறந்தாக வேண்டும்.

தாந்தேயின் நரகத்துக்கு முடிவில்லை. 1302இல் புளோரன்சிலிருந்து துரத்தப்பட்ட அவர், அரசனின் செவிக்கு உபதேசிக்கவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லியே உள்ளே இறக்கினார். திருச்சபைப் பதவிகளை விற்ற போப்பாண்டவர் மூன்றாம் நிக்கோலஸ் குழியில் தலைகீழாகக் கிடக்கிறார்; உள்ளங்கால்களில் நெருப்பு. வந்தவர் தமக்குப் பின் அக்குழிக்கு வரவேண்டிய எட்டாம் போனிபாஸ் என்று எண்ணி, அதற்குள் வந்துவிட்டாயா என்று கேட்கிறார். காவியப் பயணம் நிகழும் 1300இல் போனிபாஸ் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தார். மகனைத் தந்தைக்கு எதிராகத் தூண்டிய பெர்ட்ரான் என்ற கவிஞனோ, வெட்டுண்ட தன் தலையை விளக்குப் போல் கையில் ஏந்தி நடக்கிறான், பிரித்தவன் பிரிக்கப்பட்டான். இந்த எதிரொத்த தண்டனைக்கு இத்தாலிய மொழியில் வழங்கும் பெயரை அவன் வாயாலேயே தாந்தே சொல்ல வைக்கிறார்.

நம் நூல்கள் அப்படிப் பெயர் சொல்லவில்லை. ஆனால் கரும்பாலையும் வைதரணியும் யாருக்காக என்பதில் அவற்றுக்கு ஐயம் இல்லை. திரைப்படமோ அந்த ஏட்டைப் புரட்டி, ரயிலில் கெட்ட உணவு விற்ற ஒப்பந்தக்காரரை எண்ணெயில் போட்டது. அரசனுக்குரிய இரு நரகங்களும் அதில் இடம்பெறவில்லை.

சிந்தாமணியைச் சோழ மன்னன் விரும்பிக் கேட்டுத் திளைத்தான் என்றும், அது பொறாமல் குன்றத்தூர்ச் சேக்கிழார் அடியார் வரலாற்றைப் பாடினார் என்றும் மரபு கூறும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகக் குன்றத்தூர் போகும்போதெல்லாம் எனக்கு எழும் ஐயம் ஒன்றுதான். மணநூல் என்றே பெயர் பெற்ற அந்தக் காப்பியத்தில் மணம் மணமாக ரசித்துவந்த மன்னன், பதின்மூன்றாவதான முத்தியிலம்பகம் வரை வந்து சேர்ந்தானா?