இறம்பொடை இறக்கமும் இளகாத பிசினும்



நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வீதியை மலையகத்தார் நன்கறிவர். 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து 500 மீற்றருக்கும் தாழ்ந்த நிலத்துக்கு, தேயிலைச் சரிவுகளை வளைந்து வளைந்து அது இறங்குகின்றது. 10 தொன் நிறையுள்ள பஸ் ஒன்று அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய 400 இலீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அவ்வெப்பம் முழுவதையும் அதன் உராய்வுப் பட்டையே தாங்கவேண்டும். அப்பட்டையைச் சிதையாது கட்டிவைத்திருப்பது ஒருவகைப் பிசினாகும்.

இதன் வரலாறும் ஒரு மலைப்பகுதியிலேயே தொடங்குகின்றது. இங்கிலாந்தின் டாபிசயரில், குதிரை வண்டிக்காரர் பழைய சப்பாத்துக்களைச் சில்லுத் தடையிற் பொருத்தி இறக்கத்தைச் சமாளிப்பதை ஏபேட் புரூட் என்பவர் கண்டார். 1897 இல் அவர் உராய்வுப் பட்டைகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். மோட்டார் வண்டிகள் வந்ததும் பருத்திப் பட்டைகள் கருகின. கல்நார் அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆயினும் நாரைப் பிணைக்கும் பொருள் சூட்டில் இளகுமாயின், நார் தீயைத் தாங்கியும் பயன் யாது?

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லாந்து, 1907 இல் பீனோலையும் போமல்டிகைட்டையும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இணைத்துப் பேக்கலைற் என்னும் பொருளை ஆக்கினார். அரக்கு சூட்டில் உருகும், ஆறினால் இறுகும், மீண்டும் உருகும். இப்பிசினோ சூளையிற் சுட்ட சட்டியைப் போன்றது. ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி இளகாது. நம்மவர் அறிந்த மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டெண்ணெயிலிருந்து பெறும் பிசினும் பின்னர் பிறேக் பட்டைகளிற் சேர்ந்தது. கல்நாரின் தூள் நுரையீரலைக் கெடுப்பது தெளிவானதும் பல நாடுகள் அதனை விலக்கின. பிசின் மட்டும் நிலைத்தது.

ஆகாய விமானங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. காபன் நார்களை இத்தகைய பிசினில் தோய்த்து இறுக்கி, காற்றுப் படாமற் கடுஞ்சூட்டில் வைத்தால், பிசினும் காபனாகிவிடும். 1976 இல் பயணிகள் சேவையைத் தொடங்கிய கொன்கோட் விமானத்தில் காபன் பிறேக்குகளே இருந்தன. அவை ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூட்டையும் தாங்கவல்லவை. ஆனால் அவற்றின் விலை மிக அதிகம். குளிர்ந்த நிலையிற் பிடிப்பும் குறைவு. எனவே நமது பஸ்ஸும் லொறியும் இன்றும் பிசினாற் பிணைத்த பட்டையையே நம்பியுள்ளன.

அந்தப் பிசினுக்கும் ஓர் எல்லையுண்டு. இளகாத அதுவும் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸை அணுகுகையிற் சிதைந்து வாயுவைக் கக்கும். அப்போது பிறேக்கின் பிடி நழுவும்.

2025 மே 11 ஆம் திகதி இவ்வீதியிற் கெரண்டியெல்லைப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் காரணத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும் இவ்விறக்கத்தில் எத்தனை உயிர்கள் ஒரு வண்டியை நம்பி அமர்ந்திருக்கின்றன என்பதை அது உணர்த்திற்று. ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய சாரதிகளின் விதி. எஞ்சினும் சுமையைத் தாங்கினாற்றான் பட்டை சூடாறும். இரசாயனம் நூறாண்டு உழைத்துத் தந்த பிசினும், அந்த விதியைக் கைக்கொள்ளும் சாரதிக்கே துணையாகும்.