சீகிரியாவின் நீரூற்றுக்கள்

நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த உண்மை. அவ்வாறிருக்க, மின்விசை இல்லாத காலத்தில் அதனை மேல்நோக்கி எழச் செய்தது எவ்வாறு? விடை நம் நாட்டிலேயே உண்டு.

கி. பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாம் காசியப்பன் சீகிரியாக் குன்றைத் தன் தலைநகராக்கினான். குன்றின் மேற்கு அடிவாரத்து நீர்ப்பூங்காவிலே, ஒழுங்காகத் துளையிட்ட வட்டமான சுண்ணக்கற் பலகைகளை இன்றுங் காணலாம். அவையே ஊற்றுவாய்கள். நிலத்தின் கீழமைந்த கால்வாய்கள் அவற்றுக்கு நீரூட்டின.

இதன் சூத்திரம் எளியது. உயர்ந்த இடத்து நீரை மூடிய வழியிலே தாழ்ந்த இடத்துக்குக் கொண்டுவந்தால், அது தன் பழைய மட்டத்தை அடைய முயலும். துளை கிடைப்பின் பீறிட்டெழும். ஒரு மீற்றர் உயர வேறுபாடு செக்கனுக்கு ஏறக்குறைய 4.4 மீற்றர் வேகத்தைத் தரவல்லது. உராய்வினாற் சிறிது இழப்பு உண்டாதலின், தாரை மூலநீரின் மட்டத்தை எட்டாது. வழி அகன்றும் துளை சிறுத்தும் இருப்பின் இழப்புக் குறையும். இத்தாலிய அறிஞர் தொறிசெல்லி இவ்விதியை 1644இல் வெளியிட்டார். அதன் பயனை நம் நாட்டுக் கம்மியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைவேலையிற் கண்டிருந்தனர்.

உயரத்தில் நீர் இல்லாவிடில் என் செய்வது? பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி, வேர்சாய்ப் பூங்காவுக்காக மார்லியில் 14 பெருஞ் சக்கரங்களை நிறுவுவித்தான். 1684இல் இயங்கத் தொடங்கிய அவை செயின் ஆற்று நீரை 150 மீற்றருக்கு மேல் ஏற்றின. அப்படியும் எல்லா ஊற்றுக்களையும் ஒருங்கே இயக்க நீர் போதவில்லை.

நமது எழுவான்கரையிலும் உயரம் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தட்டை மணல்நிலத்திலே கிணற்று நீரை இறைத்தே எடுக்கவேண்டும். படுவான்கரையிலோ உன்னிச்சை போன்ற குளங்கள் நீரை உயரத்தில் தேக்குவதால், துருசைத் திறந்ததும் அது வயல்வரை தானே செல்கிறது. சீகிரியாவில் விளையாட்டுக்கு உதவிய விதியே இங்கு சோறளிக்கிறது.

காசியப்பனின் தந்தை தாதுசேனன் கலாவாவியைக் கட்டியவன். செல்வத்தைக் காட்டுமாறு மகனின் ஆட்கள் வற்புறுத்தியபோது, அவ்வாவியின் நீரையே தன் செல்வமெனக் காட்டினான் என்று சூளவம்சம் கூறும்.

சீகிரியா ஊற்றுக்கள் பல நூற்றாண்டுகள் வாளா கிடந்தது விதி பிழைத்தமையால் அன்று. வழி மண்ணால் தூர்ந்தமையாலேயே. தூரெடுத்த பின், நீர் நிறைந்த மழைக்காலத்தில் அவை மீண்டும் எழுகின்றன. நம் குளத்து வாய்க்கால்களும் ஆண்டுதோறும் தூர்கின்றன. அவற்றைத் துப்புரவாக்க மின்விசை வேண்டியதில்லை. மண்வெட்டியும், ஒற்றுமையாய் இறங்கும் இளைஞர் கைகளும் போதும்.